தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பியது நான்தான்

கண்ணு,

நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். எருமை கன்று ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. உன் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கண்ணில் ஆபரேசன் செய்த இடத்தில் உறுத்தல் எதுவும் இல்லை, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டதும் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது, நீயும் "செரிங்ப்பா, வெக்கறனுங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். என் கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் கௌசல்யாவிடம் கொடு. பேங்க்கில் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய கிறுக்கலைப் படிக்கிறவள் அவள்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். கௌசல்யாவுக்கு மேனேஜர் பதவி வருகிறது, இனி அவள் வீடு திரும்ப நேரமாகும், அதனால் நீ வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று சொன்னாய். அதற்கு நான் என்ன குதி குதித்தேன் என்று உனக்குத் தெரியும். ஊரில் தலை காட்ட முடியுமா என்றேன். ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தங்கள் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்றேன். பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடவா உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அத்தனையும் அந்த நேரத்தில் வாய்க்கு வந்தவை. ஊர் என்ன சொல்லும் என்று நான் எப்போது கவலைப்பட்டேன்? தறிக்கூடத்தை விற்றபோது ஊர் பேசாத பேச்சா? எனக்கு வந்தது பொறாமை, கண்ணு. உன்மேல் பொறாமை. அறுபதைத் தாண்டியவன் பெற்ற மகனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் மறுபடியும் ஊரை இழுத்துப் பேசுவதில்தான் போய் நிற்கும்.

கண் ஆபரேசனுக்காக உன் வீட்டுக்கு வந்தபோதுதான் இது ஆரம்பித்தது. எருமையை யார் பார்ப்பது என்று உன் அம்மா மறுநாளே வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி டாக்டர் என்னிடம் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். உன் வீட்டுச் சோபாவில் நான் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்ணாடியில் ஒரு வசதி, நான் எங்கே பார்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் பாட்டுக்கு இருந்தீர்கள். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கௌசல்யா பேங்க்குக்குக் கிளம்பிப் போனதும் உன் ராஜ்ஜியம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறாய், ஆனால் காதில் ஆபீஸ், இடுப்பில் பையன். அவனுக்குப் பல் முளைக்கிற நேரம், கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். உன் சட்டைத் தோள் எப்போது பார்த்தாலும் எச்சில் ஈரமாகத்தான் இருக்கிறது. அந்த ஈரத்தோடேயே நீ யாரோ வெளிநாட்டுக்காரனிடம் இங்கிலீஷில் பேசுகிறாய். பேசி முடிப்பதற்குள் பையன் வேலையைக் காட்டிவிடுகிறான், நீ அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கால் கழுவி, துடைத்து, பவுடர் போட்டு, மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறாய். அவன் அழுதால் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. "இது பசியில்லீங்ப்பா, தூக்கம்" என்கிறாய். இன்னொரு அழுகைக்கு "எறும்பு கடிச்சிருக்கும்" என்று சட்டையைக் கழற்றினாய், நிஜமாகவே எறும்பு இருந்தது. எனக்கு நீ சின்ன வயதில் அழுததெல்லாம் ஒரே அழுகையாகத்தான் கேட்டது.

யாழினிக்கு ஜடை போடுவதும் நீதான். "அம்மா போட்டா வலிக்குது, அப்பாதான் போடணும்" என்கிறாள் அந்தக் கழுதை. கௌசல்யா கையில் சீப்பை வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். யாழினியை என் பக்கம் இழுக்க நான் பார்த்த வேலைகள் உனக்குத் தெரியாது. நீ குளிக்கப் போகும் நேரம் பார்த்துச் சோபா மெத்தைக்கு அடியிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுப்பேன். தாத்தாவும் நீயும் மட்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவள் வாங்கிக்கொண்டு நேராகக் குளியலறைக் கதவுக்கு ஓடிப்போய், "அப்பா, பாதி உங்களுக்கு வெச்சிருக்கேன்" என்று கத்துவாள். காசு போட்டு நான் வாங்கிய சாக்லேட்டில் உனக்குப் பாதி. எனக்கு ஒரு விள்ளல் கிடையாது.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் உன்னைப் புகழ்கிறேன் என்று நினைத்துக்கொள்வாய். நீ பிள்ளைகளுக்கு ரொம்பத்தான் விளக்கம் சொல்கிறாய். பல் தேய்க்கச் சொன்னால் ஏன் என்று கேட்கிறாள், நீயும் கீழே உட்கார்ந்து பல்லில் பூச்சி எப்படி வீடு கட்டும் என்று கதை சொல்கிறாய். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறது. சில காரியங்களுக்குத் தேய் என்றால் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். இது பொறாமையில் சொல்வதல்ல, நிஜமாகவே சொல்கிறேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குப் பாதிதான் தெரியும். என் அப்பா, உன் அப்பாரு, இருந்தவரை பெரியவர்கள் முன்னால் ஒருவன் தான் பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூடாது. அண்ணன் தம்பி பிள்ளையைத் தூக்கலாம், அக்கா தங்கை பிள்ளையைக் கொஞ்சலாம், ஆனால் தன் பிள்ளை என்றால் கண்டும் காணாதவன்போல இருக்க வேண்டும். தூக்கினால் மரியாதை தெரியாதவன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் அப்பா என்னைத் தூக்கி நான் பார்த்ததில்லை, அதிலேயே தெரிந்துகொண்டேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டினாள். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உன்னை உன் அத்தை வாங்கிக்கொண்டாள். நீ தவழ ஆரம்பித்த பிறகு, நான் சாப்பிட உட்கார்ந்தால் வேறு எங்கும் போகாமல் நேராக என் வட்டிலுக்குத்தான் வருவாய். எதிரில் அப்பாவும் உட்கார்ந்திருப்பார். "அம்மணி, புள்ளையப் புடி, அவன் சோறு திங்கட்டும்" என்பார். உன் அம்மா ஓடிவந்து உன்னைத் தூக்கிப் போவாள். அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து அழுதுகொண்டே நீ போவாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

உன் மாமன் நம் வீட்டுக்கு வந்தால் நான் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று உன் அம்மா இத்தனை வருடமாகக் கேட்கிறாள். காரணத்தை உனக்குச் சொல்கிறேன். தாய்மாமனுக்கு எந்தத் தடையும் கிடையாது. என் அப்பா முன்னாலேயே உன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடிப்பான், நீ கெக்கலி கொட்டிச் சிரிப்பாய், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். உன் காது குத்து நம் குலதெய்வம் கோயிலில் நடந்தது. முறைப்படி நீ அவன் மடியில் உட்கார்ந்திருந்தாய். ஆசாரி ஊசியை எடுத்தாரோ இல்லையோ, நீ வீறிட்டாய். கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்து இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டினாய். நான் சமையல்காரர் பக்கம் திரும்பி, "ரசத்துக்கு உப்புப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். உன் மாமன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து அழுகையை நிறுத்தினான். பாவம், நல்ல மனுஷன். அன்றிலிருந்து அவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

எனக்கென்று இருந்த ஒரே இடம் தறிக்கூடம். அப்பா மாட்டுச் சந்தைக்குப் போகிற நாளில் உன் அம்மா மதியச் சோற்றோடு உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். தறிகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்தில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய். தறி ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்க்காததுபோல் நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் வழக்கம் தெரியும். அப்பாவின் மொபெட் தூரத்தில் வந்தால் வாசலில் இருப்பவர் கையைத் தூக்குவார். உன்னை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். தூக்கத்தில் கைமாறியது உனக்குத் தெரியாது. நீ நடக்கத் தொடங்கியதும் அதுவும் நின்றுபோனது, ஓடுகிற தறிக்கு நடுவே பிள்ளையை விடுவது ஆபத்து என்று அம்மா உன்னைக் கொண்டுவருவதை விட்டுவிட்டாள். அப்பா காலமானபோது நீ சைக்கிள் ஓட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாய். தூக்கிக்கொள்கிற வயது போய்விட்டிருந்தது. இதற்காக நான் உன்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை, அன்றைக்கு அதுதான் முறை. எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான். எனக்குக் கிடைக்காததை நீ என் கண் முன்னாலேயே, பெற்ற அப்பன் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு கூச்சமும் இல்லாமல் செய்தாய். நீ மரியாதை தெரியாதவன் என்று எனக்குத் தோன்றியிருந்தால்கூடத் தேவலை. கொடுத்து வைத்தவன் என்றுதான் தோன்றியது.

அன்று மதியம் நடந்ததற்கு வருகிறேன். யாழினியை வேனிலிருந்து கூட்டிவரக் கீழே போனாய். "பையன் தூங்கறானுங்ப்பா, எந்திரிக்க மாட்டான். நீங்க சும்மா உக்காந்திருங்க போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஹாலில் சேலைத் தொட்டிலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அருகே போய்ப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் நீ எப்படி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவாயோ அப்படியே. வீட்டில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். இப்போது இவன் எழுந்தால் என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. தொட்டிலை ஆட்டினேன். எழவில்லை. சேலையை விலக்கி, உள்ளங்காலைச் சுரண்டினேன். கண்ணைத் திறந்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த அபார்ட்மென்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு அவனைத் தூக்கினேன். நடந்தேன், நாக்கால் சத்தம் கொடுத்தேன், ஃபேனைக் காட்டினேன், ஜன்னலில் புறாவைக் காட்டினேன். அவன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு என் கையிலிருந்து வெளியே போகத்தான் பார்த்தான். லிஃப்டிலேயே உனக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், செருப்போடு உள்ளே ஓடிவந்தாய். "என்னங்ப்பா இது! கண்ணுல ஆபரேசன் பண்ணிப்போட்டு இவனப் போயித் தூக்கலாமுங்களா?" என்றாய். "அவனா எந்திரிச்சுட்டான்" என்றேன். பொய். தானாக எழுந்திருக்கவில்லை, நான்தான் எழுப்பினேன். நீ அவனை வாங்கி முதுகில் கையை வைத்தாய், வேறு ஒன்றும் செய்யவில்லை. அழுகை நின்றுவிட்டது. விக்கலோடு உன் தோளில் சாய்ந்துகொண்டு என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். நீ அவனிடம், "தாத்தாடா, நம்ம தாத்தா" என்று என்னை அறிமுகம் செய்து வைத்தாய். நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். எனக்கு அது சுருக்கென்று குத்தியது.

அன்று சாயங்காலம் பொழுதோடு கௌசல்யா வந்து, காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ வேலையை விடுகிற பேச்சை எடுத்தாய். வேறொரு நாள் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்று எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. போதாததற்கு இன்னும் ஒரு வருடமா, முழு நேரமுமா என்றுதான் முதலில் தோன்றியது. வாயைத் திறந்தபோது ஊர், மானம், மரியாதை என்று வந்தது. கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாழினி பயந்துபோய் உன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ மட்டும் குரலை உயர்த்தாமல், "ஏனுங்ப்பா இத்தனை கோவம்? நான் என்ன திருடவா போறேன்?" என்று கேட்டாய். மறுநாள் காலை நீ காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கொடுமுடிக்கு, உன் மாமனாருக்குப் போன் போட்டேன். "சம்மந்திங்க, நாலு பேரு சிரிக்கறாப்ல ஆயிப்போகுமுங்க. உங்க பொண்ணுகிட்ட நீங்கதானுங் எடுத்துச் சொல்லோணும்" என்றேன். என் பேச்சைத் தட்ட முடியாமல் அவரும் சொல்லிவிட்டார். எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண் தன் அப்பா சொன்னதும் பதவி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். நீ போன் செய்து, "நீங்க நெனச்சது நடந்துபோச்சுங்ப்பா. வெள்ளிக்கெழமை கௌசி வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறா. இனி நிம்மதியா இருங்க" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய்.

உன் அம்மா கன்றுக்குட்டியைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறாள். துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். "உங்களுக்கு இப்ப என்னதானுங் வேணும்?" என்றாள். நான் ஊரைப் பற்றி ஆரம்பித்தேன். "ஊரை எதுக்கு இழுக்கறீங்க? அவன் புள்ளையத் தூக்கறதப் பாத்தா உங்களுக்கு வயிறு எரியுது. நீங்க தூக்கலீன்னா அவனும் தூக்கக்கூடாதுங்களா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன். உனக்கு வந்த காய்ச்சல், உன் முதல் பல், நீ முதலில் பேசின வார்த்தை எல்லாவற்றையும் மொத்தமாகத் தானே வைத்துக்கொண்டவள் அவள். அவள்மேலும் எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் அன்று அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

நேற்றுக் கொடுமுடிக்குப் போனேன். உன் மாமனார் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்மந்தி, வாங்க. கண்ணு எப்பிடிங் இருக்குது?" என்றார். "கண்ணு நல்லா இருக்குதுங்க. வாய்தானுங் கெட்டுப்போச்சு" என்றேன். மோர் வரவழைத்துக் கொடுத்தார். நான் முன்னே சொன்னதை மறந்துவிடுங்கள், கௌசல்யாவைப் பதவியை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இதென்ன வெளையாட்டுங்களா? நீங்க கேட்டீங்கன்னுதானுங் நான் அந்தப் புள்ளையக் கூப்புட்டுச் சொன்னேன். எனக்கு இஷ்டம்னு நெனச்சீங்களா? என்ர பொண்ணு மேனேசர் ஆகறாள்னு இந்த வீதி பூராச் சொல்லி வெச்சிருந்தனுங்க" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அவ அழுதாளுங் சம்மந்தி. போன்ல சத்தமே வரலீங்க. ஆனா அழுகறாள்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றார். இவருக்கும் தெரிந்திருக்கிறது பார், சத்தமே வராத அழுகை. அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் பொறாமைதான் வந்தது. என் புத்தி அப்படி.

நீங்களே கூப்பிட்டு அவளிடம் சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "பெத்தவன் முந்தாநேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னு பேசுனா அவ எதைங் நம்புவா? நீங்க கட்டுன முடிச்சு, நீங்களே அவுருங்க" என்றார். பிறகு, "அதுசெரி, அப்ப எதுக்குங் வேண்டாம்னீங்க?" என்று கேட்டார். சம்மந்தியிடம் அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தைக் கௌசல்யாவுக்குப் படித்துக் காட்டு. அம்மணி, நீ எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பதவியை வாங்கிக்கொள். உன் அப்பா சொன்னது அவருடைய பேச்சு இல்லை, என் பேச்சு. என் பேச்சு ஊரின் பேச்சும் இல்லை. உன் புருஷன் பிள்ளைகளை வளர்க்கிற அழகைப் பார்த்துப் பொறுக்காத ஒரு ஆளின் பேச்சு. ஊரில் யாராவது ஏதாவது கேட்டால் அவர்கள் என்னிடம் வரட்டும். எனக்குத்தான் சத்தம் போட நன்றாக வருமே.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது பொறாமைப்பட்டவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். இனிமேல் வெளியே போய் வருகிறவள் கௌசல்யா. அவள் களைத்து வருவாள், பிள்ளைகள் இரண்டும் உன்மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் கூப்பிட்டால் பையன் உன் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். யாழினி அப்பாதான் வேண்டும் என்பாள். நீ அதைக் கேட்டுச் சிரிப்பாய், உனக்கு அது பெருமையாக இருக்கும். சிரிக்காதே. சீப்பை வைத்துக்கொண்டு அவள் நின்றதைச் சொன்னேன் அல்லவா, அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அன்று வட்டிலில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் அதைப் பார்க்கவில்லை. நீ பார்க்க வேண்டும். அவள் வந்ததும் பையனைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போ, மாடிக்குப் போ, எங்காவது போய் நில். அவன் அழட்டும், கொஞ்ச நேரம் அழுதால் ஒன்றும் ஆகிவிடாது. அழுது ஓய்ந்து அவளிடம் ஒட்டுகிற வரை உள்ளே வராதே. ஜடை கோணலாக இருந்தால் இருக்கட்டும், அம்மா போட்டதுதான் என்று யாழினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வீட்டில் இருக்கிறவருக்குப் பிள்ளை தானாக வந்துவிடும். வெளியே போகிறவருக்கு யாராவது வழி விட வேண்டும். எனக்கு யாரும் விடவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் என் மனது தெளிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தெளியவில்லை. நீ வேலையை விடு, கண்ணு. பையன் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ எழுந்து நடப்பான், நீ கையை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாய். அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்தால் எரியும், பார்க்காமல் இருந்தால் அதைவிட எரியும். அதற்காக நீ எதையும் குறைத்துக்கொள்ளாதே. நான் வீட்டில் இருக்கும்போதும் அவனை இடுப்பிலிருந்து இறக்காதே. என் வயிற்றெரிச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பிள்ளைகளைப் பார்.

அப்பா